இறைக்க இறைக்கக் கரித்த கிணறு

1

சுவிசில் நான் இருக்கும் சிறுநகரத்தில் தோட்டம் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு சங்கத்தில் சேர வேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்தேன். பிறகு ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் தந்தார்கள். அதனுடன் ஒரு விதிப் புத்தகமும் தந்தார்கள். வேலி எவ்வளவு உயரம், குடிலுக்கு எந்த நிறம், மத்தியானம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை சத்தம் போடக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். அதுவும் தமிழில். மகள் அபிராதான் வாசித்துச் சொன்னாள். பாதியில் அவளுக்குச் சலித்துவிட்டது. சும்மா நடுங்கள் அம்மா, பிழையென்றால் அவர்களே கடிதம் போடுவார்கள் என்றாள்.

அப்படியே போட்டார்கள். முதல் வருடம் பயற்றங்கொடிக்கு ஊன்றிய தடி உயரம் கூடிப்போனது என்று ஒரு கடிதம். இரண்டாம் வருடம் வற்றாளைக் கிழங்குக் கொடி பொதுப்பாதைக்கு வந்துவிட்டது என்று ஒரு கடிதம். அந்தத் தடவை சங்கத் தலைவரே வந்து, கொடியைக் காட்டி நிறையப் பேசினார். எனக்குக் கூச்சம். விளங்கியதற்கும் விளங்காததற்கும் தலையாட்டினேன். கடைசியாக அவர் ஏதோ கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அந்தக் கோடை முழுவதும் தோட்டத்துப் பொதுக் கழிப்பறையைக் கழுவ நான் சம்மதித்திருக்கிறேன் என்பது அடுத்த கிழமை, ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கழுவினேன். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இத்தனை வருடம் நின்றவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. முடியாது என்று சொல்வதுதான் எனக்குப் பெரிய வேலை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு நான் போனில் சத்தம் போடுகிற ஆள். உண்மையில் நான் என் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சத்தம் போட்டிருக்கிறேன். அது எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் இருக்கும் என் தம்பி தவராசா. எல்லாரும் தவம் என்பார்கள். அவனுக்கு நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

வற்றாளை என்று நாங்கள் சொல்வது இந்தியாவில் சர்க்கரைவள்ளி. இந்தக் குளிரில் அது வராது என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். பாதி உண்மை. மாசி மாதம் கடைக் கிழங்கொன்றை எடுத்து, பாதி தண்ணீரில் நிற்கும்படி போத்தலில் வைத்து, சமையலறை யன்னலில் வெயில் படும் பக்கம் விடுவேன். மூன்று நான்கு கிழமையில் ஊதா முளை வரும். முளையைக் கிள்ளி வேர் வரவைத்து, வைகாசி நடுவில் கடைசிப் பனி போன பிறகுதான் வெளியில் நடலாம். மண்ணைச் சூடாக வைத்திருக்கக் கறுப்புப் பொலித்தீன் விரித்து, ஓட்டை போட்டு நட வேண்டும். அடுத்த பனி வர முன்னர் கிண்டிவிட வேண்டும். முதல் வருடம் வந்தது விரல் தடிப்பில்தான். மகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது கிழங்கா வேரா என்று கேட்டாள். பிறகு வந்த வருடங்களில் கொஞ்சம் பருத்தது. கிழங்கு ஏமாற்றினாலும் இலையை வறுத்துச் சாப்பிடலாம். கத்தரியும் மிளகாயும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நின்று ஏதோ காய்க்கும். வெண்டி எனக்கு இன்னும் சரிவரவில்லை.

ஊரில் இந்த வித்தை ஒன்றும் தேவையில்லை. எங்கள் வீட்டு வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல். வற்றாளைக் கொடியின் நுனியை முழங்கை நீளத்தில் வெட்டி, ஒரு நாள் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, மேட்டுப் பாத்தியில் வளைத்துப் புதைத்தால் போதும். மூன்றரை, நான்கு மாதத்தில் கிழங்கு. ஒரு வேலை மட்டும் விடாமல் செய்ய வேண்டும். கொடி ஓடுகிற இடமெல்லாம் வேர்விடப் பார்க்கும். விட்டால் அடிக்கிழங்கு பருக்காது. அதனால் பதினைந்து நாளுக்கொரு தடவை கொடியைத் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். அந்த வேலையில் தவத்தை யாரும் வெல்ல முடியாது. ஒரு கொடி முறியாமல் பாத்தி முழுவதையும் புரட்டிவிட்டு நிமிர்வான். அப்பா இறந்த பிறகு வளவையும் அம்மாவையும் அவன்தான் பார்த்தான். வற்றாளை, மரவள்ளி, கத்தரி, வேலியோரம் பயற்றை. எல்லாவற்றுக்கும் தண்ணீர் சீமெந்து வளையம் இறக்கிய ஒரே கிணற்றிலிருந்துதான். ஆழம் இல்லை. ஆனால் நல்ல தண்ணீர். வீதிக்கு அந்தப் பக்கத்துச் சனமும் குடிக்க அள்ளிப் போகும்.

3

2004இல் சுனாமியாகக் கடல் வந்த நாள் இங்கே கிறிஸ்மசுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, அடுத்த நாள் விடுமுறை. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது தவம் முதலில் சொன்னது, அம்மா இருக்கிறா என்றுதான். அவனும் மனைவி ரஞ்சியும் சின்ன மகளும் அம்மாவும் அன்று வாவிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தபடியால் தப்பினார்கள். வீட்டுச் சுவர் ஒன்று போய்விட்டது. பாத்தி ஒன்றும் மிச்சமில்லை. கிணற்றுக்குள் கடல் தண்ணீரும் சேறும் செத்த மீனும்.

எங்கள் பக்கத்தில் கிணறு பழுதானால் செய்வது ஒன்றுதான். அடிவரை இறைத்து, சேறு வாரி, ஊறி வரும் புதுத் தண்ணீரைக் குடிப்பது. நாய் விழுந்தாலும் அதுதான், பூனை விழுந்தாலும் அதுதான். சித்திரைக்கு முன்னர் ஒன்றும் விழாமலே இறைப்பவர்களும் உண்டு. இறைத்த கிணறு சுத்தமான கிணறு. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இங்கே இருந்த ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் கூடி, பம்ப் வாங்கி அனுப்புவதைப் பற்றித்தான் பேசினோம். தவத்துக்கும் ஒரு பம்ப் வாங்கச் செய்தேன்.

இறைத்தான். ஊறி வந்த தண்ணீர் உப்பு. இன்னொரு தரம் இறை என்றேன். இறைத்தான். எங்கிருந்தோ கொடி வாங்கி வந்து புதிதாக நட்ட வற்றாளை மஞ்சளித்தது, இலை ஓரம் கருகியது. மூன்றாம் தரம் இறைத்தான். நான்காம் தரம் இறைத்து முடித்த அன்று போனில் சொன்னான்:

"அக்கா, ஒவ்வொரு தரமும் நாக்குல வெச்சுப் பாக்கிறன். இறைக்க இறைக்கக் கூடக் கரிக்கிது. இத இப்பிடியே விடுவம். மழைக்கு விடுவம்."

அன்று எனக்கு வேலையில் ஒரு கெட்ட நாள். நான் புதிது. வேறு யாரோ செய்த பிழைக்கு மேற்பார்வையாளர் என்னை எல்லார் முன்னாலும் ஏசினாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சொல்ல முடியாததையெல்லாம் வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சொன்னேன்.

"உனக்குப் பஞ்சி. பஞ்சிக்காரன்ட நாக்கும் பொய்தான் சொல்லும்."

பஞ்சி என்றால் எங்கள் பேச்சில் சோம்பல். நான் அதோடு நிற்கவில்லை. சித்திக்கு, பெரியம்மாவின் மகளுக்கு, இங்கே கோயிலில் கண்டவர்களுக்கு என்று எல்லாருக்கும் சொன்னேன். பம்பும் வாங்கிக் கொடுத்தும் தவம் பஞ்சியில் தோட்டத்தைச் சாகவிட்டான் என்று. இங்கே சொன்னால் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே, இன்னொரு தவம் இருந்தான். அவனையும் இவனையும் பிரித்துச் சொல்ல இவன் 'பஞ்சித் தவம்' ஆனான். கடையில் அந்தப் பெயர். பாடசாலையில் அவன் மகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோதும், அவனுக்கு உறைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

4

தண்ணீர் இல்லாத வளவில் என்ன செய்வது. தவம் வேலியை அடைத்துவிட்டு, ரஞ்சியின் சொந்தக்காரர் இருந்த கரடியனாற்றுக்குப் போனான். கடற்கரையை விட்டுத் தள்ளி, உள்ளே. அம்மாவையும் கூட்டிப் போனான். அங்கே வற்றாளையும் சோளனும் போட்டு நன்றாகத்தான் செய்தான். 2007இல் சண்டை அந்தப் பக்கம் வந்தது. கிழங்கு கிண்ட முன்னர் எழும்பி ஓடினார்கள். அம்மாவுக்கு வழியிலேயே காய்ச்சல். அகதி முகாமில் கூடாரத்துக்குள் இறந்துபோனார்.

எனக்கு அப்போது இங்கே நிரந்தர வதிவிடம் இல்லை. நாட்டை விட்டு வெளியே போய்வர அனுமதி கேட்டு ஒரு படிவம் நிரப்பினேன். இறந்தவர் தாய்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. அத்தாட்சி முகாமிலிருந்து வந்து, அதை மொழிபெயர்த்துக் கொடுத்து, அனுமதி வந்தபோது முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. நான் போகவில்லை. அந்த அலுவலகத்திலும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். வந்து தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"உன்ட பஞ்சியாலதான் அம்மா அங்க போய்க் கிடந்து செத்தவ."

இதையும் சொன்னது நான்தான்.

2009இல் சண்டை முடிந்தது என்றார்கள். அதற்கு முன்னரே தவம் குடும்பத்தோடு குருக்கள்மடத்துக்குத் திரும்பியிருந்தான். பிறர் தோட்டங்களில் கூலிக்குப் போனான். வற்றாளை வைத்தவர்கள் கொடி புரட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதும் பஞ்சித் தவம் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஒரு முறை போய்ப் பத்து நாள் நின்றேன். கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் அதைச் சுற்றி நடந்தோம். பிறகு சித்திரைக்கும் தீபாவளிக்கும் போன். சுகமா, சுகம். மழையா, இல்லை. இவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் அவன் என்னை ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. பிழை அவனில் இருப்பதால்தான் பேசாமல் இருக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

5

சென்ற கோடையில் இங்கே மழை இல்லை. சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. குழாய் பூட்டி நீர் பாய்ச்சக் கூடாது, பின்னேரம் ஒரு மணித்தியாலம் வாளியால் மட்டும் ஊற்றலாம். எனக்கு முழங்கால் நோவு. அபிராவை வரச் சொன்னேன். அவள் வேறு நகரத்தில் இருக்கிறாள். அங்கே நகரசபையின் குடிநீர்ப் பகுதியில் வேலை பழகுகிறாள். மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்தால் போனைப் பார்ப்பாள், சாப்பிடுவாள், போவாள். என் தமிழுக்கு அவள் தன் பாஷையில் பதில் சொல்வாள். பாதி விளங்கும்.

அன்று இரண்டு பேரும் ஊற்றிக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லாமல் ஊர்க் கிணற்றின் கதையைச் சொன்னேன். எப்போதும் சொல்கிறபடிதான் சொன்னேன். கடல் வந்தது, நான் இறைக்கச் சொன்னேன், மாமா நாலு தரத்தோடு பஞ்சியில் விட்டுவிட்டார், தோட்டம் போனது.

அவள் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு தரமா? ஏன் அம்மா நாலு தரம் இறைச்சவர்?"

நான்தான் சொன்னேன் என்றேன். அவள் குந்தியிருந்து மண்ணில் விரலால் ஒரு கிணறு கீறினாள். கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மெல்லிசாக மிதந்து நிற்குமாம். மெதுவாக அள்ளினால் மேலே இருப்பது வரும். பம்ப் போட்டு அடிவரை உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் இலேசில் இறங்காது. கடல் ஏறிய கிணற்றில் சேற்றை மெல்ல எடுத்துவிட்டு மழைக்கு விட வேண்டும். மழை மேலிருந்து ஊறி உப்பைக் கீழே தள்ளும். இதைப் பாதி தமிழிலும் பாதி தன் பாஷையிலும் சொன்னாள். முதல் வருடப் பாடம் என்றாள்.

"மாமா சரியாத்தானே சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஆர் இறைக்கச் சொன்னது?"

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் கத்தரிப் பாத்தி ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டேன். முழங்காலா அம்மா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

6

மூன்று கிழமை நான் போன் எடுக்கவில்லை. சலவையில் விரிப்புகளை மடித்தபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தம்பி, எனக்குத் தெரியாது. தம்பி, எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். எப்படித் தொடங்கினாலும் என்னைக் காப்பாற்றுவதாகவே வந்தது. கணவரிடம் சொன்னேன். பழசைக் கிளறாதே, அவன் மறந்திருப்பான் என்றார். மறக்கக் கூடியதா அது. வீதியால் போகிறவன் கூப்பிடுகிற பெயர் அது.

ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். சித்திரையும் இல்லை, தீபாவளியும் இல்லை. யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை, கிணற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"எந்தக் கிணறு?"

"நம்மட கிணறு. கடலுக்குப் பொறகு நான் இறைக்கச் சொன்னது."

"அது இப்ப என்னத்துக்கு அக்கா."

அபிரா சொன்னதை அப்படியே சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் தொடர மாட்டேன் என்று தெரியும். இறைத்தது பிழை, நிறுத்தச் சொன்னதுதான் சரி, உப்பை ஏற்றியது நான் என்று சொல்லி முடித்தேன். அவன் கோபிக்கவில்லை. மழைக்கு விட்டிருந்தால் எத்தனை காலத்தில் சரிவந்திருக்கும் என்று கேட்டான். இரண்டு மூன்று மாரி என்கிறாள் என்றேன். கணக்குப் பார்த்திருப்பான் போல. நான் பார்த்த கணக்குத்தான் அதுவும். இரண்டு மாரி என்றால், 2007இல் சண்டை வர முன்னரே நல்ல தண்ணீர் திரும்பியிருக்கும்.

"நாக்குல வெச்சுப் பாத்தனான் எண்டு நான் சொன்னதா இல்லையா?"

"சொன்ன."

"நீ என்ன சொன்ன?"

"தம்பி, அது..."

"இல்ல, நீ சொல்லு. என்ன சொன்ன?"

சொன்னேன். பஞ்சிக்காரனுடைய நாக்கும் பொய்தான் சொல்லும் என்று சொன்னதை, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, சொல் மாறாமல் சொன்னேன்.

"இரு" என்றான். போனைக் கையில் வைத்துக்கொண்டே, "ரஞ்சி, இஞ்ச வா" என்று கூப்பிட்டான். பிறகு, "அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கன். இப்ப சொல்லு."

சங்கத் தலைவர் முன்னால் மூன்று சொல் சேர்த்துப் பேசாதவள் நான். ரஞ்சிக்கு முழுவதையும் இன்னொரு தடவை சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள்.

"இதக் கண்டுபிடிக்கச் சுவிசுல படிக்கணுமா மச்சாள்? இஞ்ச இவருக்கு நாக்கு இருந்திச்சே" என்றாள்.

அதற்குள் தவம் யாரையோ கூப்பிடுகிறான். கலியாணம் முடித்து வேறு வீட்டில் இருக்கும் மகள் அன்று அங்கே வந்திருந்தாள். அவளுக்கும் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"மாமி, நான் அடுப்படியில நிண்டன், முன்னுக்குச் சொன்னது கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் பகிடி இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளை. முதலில் இருந்து சொன்னேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ போனார்கள் போல. அந்த ஆளையும் நிற்கச் சொன்னான். யாரென்று எனக்குத் தெரியாது. இருமுகிற சத்தம் கேட்டது. வயதான ஆள். அவருக்கும் சொன்னேன். முழுக்கதை சொல்ல மூச்சு இல்லை. "ஐயா, கிணத்தக் கெடுத்தது நான். அவன் பஞ்சி இல்ல" என்றேன். அந்த மனிதர், "இது தெரிஞ்சதுதானே, அவன் பஞ்சியெண்டா ஊரில ஆர் வேலை செய்ற?" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரிந்தவர்தான் அத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

பிறகு ஆட்களின் சத்தம் தள்ளிப் போனது. அவன் போனோடு வளவுக்குள் நடக்கிறான் என்று தெரிந்தது. காற்று இரைந்தது. நான் காதில் வைத்தபடி நின்றேன். இனி என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.

"நீ இன்னொண்டும் சொன்ன அக்கா."

"ஓம்."

என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. அதனால் நானாகவே சொன்னேன். "அம்மா உன்னால செத்தவ எண்டு சொன்னன். அது நீயில்ல தம்பி. தோட்டம் நிண்டிருந்தா நீ போயிருக்க மாட்டாய். போகவெச்சது நான்."

அவன் போனை வைக்கவில்லை. நான் இன்னொரு தடவை சொல்லத் தொடங்கினேன், கேட்டிருக்காதோ என்று.

"கேட்டிச்சு" என்றான். "இத ஸ்பீக்கர்ல போடத் தேவையில்ல."